தெரியாது என்று சொல்லலாம்

மெரிபேங்கில் ஆகஸ்ட் காற்று
எண்ணெய் ஆலையின் வாடையோடுதான் வரும்.
அன்று அதில் புளித்த சோளமாவும் கலந்திருந்தது.
கோயில் வாசலில் கூழ் அண்டா கவிழ்ந்து கிடந்தது
கழுத்தில் கட்டிய வேப்பிலையோடு.

நான் பார்த்தேன்.
இரவு ஷிப்ட் முடிந்து இறங்கி
டாக்சிக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தபோது
வேலி தாண்டி ஓடியவன் கெர்வின்.
எங்கள் சபையில் கிடார் வாசிக்கிறவன்.
அவன் வெள்ளை ஷூவில் கூழ்.

பாஸ்டர் டெரன்ஸ் போனில் மெதுவாகப் பேசினார்:
"சிஸ்டர், கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படக் கூடாது.
கேட்டால், தெரியாது என்று சொல்லலாம்.
அது பொய்யில்லை, ஞானம்."

இரவெல்லாம் ஜெபித்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும்.
துணி இஸ்திரி போட்டேன்.
ஒரே சட்டைக் கையை நாலு தரம்.

தெரியாது.
எவ்வளவு சின்னச் சொல்.
முற்றத்து நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு
விடியுமுன் ஒருவன் மூன்று தரம் சொன்னதும் இதைத்தான்.
அவரைக் கைவிட உதவிய சொல்லை வைத்தா
அவரைக் காப்பாற்றுவது?

சனிக்கிழமை, கோயில் ஹால், பிளாஸ்டிக் நாற்காலிகள்.
கமிட்டிச் செயலாளர் என் அண்ணன் பூபாலன்.
என்னைப் பார்க்காமல் மைக்கைப் பார்த்துச் சொன்னான்:
"அரிசி மூட்டைக்கு மாறிப் போனவங்க
அம்மன் கூழைக் கொட்டினதில என்ன அதிசயம்?"

எழுந்தேன். முழங்கால் நடுங்கியது.

"கொட்டினது எங்க சபைப் பையன். நான் பார்த்தேன்.
பேரை அவனே வந்து சொல்லட்டும்,
நாளை சாயங்காலம் வரைக்கும் விடுங்க.
வரலேன்னா நான் சொல்றேன்.

அரிசி வந்ததும் நிஜம்.
தேவராஜுக்கு வேலை போன வருஷம்,
இருபது கிலோ, மேல ஒரு பை மஞ்சள் பருப்பு.
தின்னோம்.
பதினெட்டு நாள்ல தீர்ந்துபோச்சு.
நான் முப்பத்தோரு வருஷமா அங்கதான் இருக்கேன்.
அது என்ன கணக்குன்னு எனக்கே முழுசாப் புரியல.
புரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.
மூணாவது பிள்ளை செத்துப் பொறந்தப்போ
என்கூட உட்கார்ந்து அழுத ஒரு கடவுளை
அங்கதான் பார்த்தேன்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
இப்போதுதான் பூபாலன் என்னைப் பார்த்தான்.

"அப்பாவுக்கு வாய்க்கரிசி போட வராம
சுடுகாட்டு கேட்டுக்கு வெளிய நின்னியே,
அதையும் அவர்தான் சொன்னாரா?"

இதற்கு ஒரு பதில்
எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.
வசனத்தோடு, அதிகார எண்ணோடு.
நாக்கு நுனி வரை வந்தது.
விழுங்கினேன்.

"இல்லண்ணா. அவர் சொல்லல.
சபையில என்ன பேசுவாங்களோன்னு
பயந்தது நான்."

மின்விசிறி மட்டும் கேட்டது.
பூபாலன் மைக்கை அணைத்தான்,
ஏற்கெனவே அணைந்திருந்த மைக்கை.

ஞாயிறு மாலை கெர்வின் வந்தான்
அவன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் பாதி மறைந்து.
பாஸ்டர் வரவில்லை.
ஞாயிறு பள்ளி ஆசிரியைகள் பட்டியலில்
என் பெயர் மேல் ஒரு கோடு.
ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தார்கள்.
அந்த மரியாதை வலித்தது.
ஆனாலும் அடுத்த ஞாயிறு
கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.
வேறு எங்கே போக?

வெள்ளிக்கிழமை மறுபடி கூழ் காய்ச்சினார்கள்.
ஊற்றி முடித்ததும் அண்டா தேய்க்க நான் போனேன்.
சாம்பல், தேங்காய் நார், முழங்கை வரை கரி.
அண்ணி கோகிலம் எனாமல் குவளையை நீட்டினாள்.
நான் தயங்கினேன்.
என் தயக்கத்தின் வயது அவளுக்குத் தெரியும்.

"குடி. படைக்கிறதுக்கு முந்தியே
உனக்குன்னு தனியா எடுத்து வச்சது."

குடித்தேன்.
உப்பு கொஞ்சம் குறைவு.
சொல்லவா வேண்டாமா என்று யோசித்தேன்.

சொன்னேன்.