கதவுக்கு ஒரு கல்

முத்தையன்கட்டில், கூட்டுறவுச் சங்கத்தின்
பழைய நெற்களஞ்சியத்தை
நாற்பது நாளுக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறேன்.
யன்னல் இல்லை. அதுதான் பிடித்தது.
சுவரில் கைவைத்தால் இன்னும் உமி ஒட்டுகிறது.

கொப்பியின் முதல் பக்கத்தில்
இருட்டு, முழு இருட்டு.
அடுத்ததில் சத்தம் புகாத சுவர்:
பஞ்சு, சாக்கு, அதன்மேல் திரும்பவும் பஞ்சு.
தரையில் ஒரு சாண் உயரத்துக்கு ஆற்றுமணல்.
வெறுங்காலோடு வரவேண்டும்,
ஒருவருக்குப் பத்து நிமிடம்,
வெளியே வருகிறவர் உள்ளங்கையில் ஒரு பாலைப்பழம்.
‘அமைதி என்பது’ என்று தொடங்கி
கொழும்புக்கு நான்கு பக்கம் எழுதினேன்.
காசு வந்தது.
அந்த வசனத்தை எப்படி முடித்தேன் என்று
இப்போது ஞாபகமில்லை.

வயரிங் பார்க்க வந்த றொபின்சன்
“லைற்றே இல்லாத வேலைக்கு
என்னத்துக்கு அக்கா கரண்ட்காரன்?” என்றான்.
அணைக்கிறதுக்கு, என்றேன்.
ஏணியில் ஏறும்வரை சிரித்தான்.

நான் அமைதியைப் படித்தது ரொறன்ரோவில்.
இரண்டு கண்ணாடி போட்ட யன்னல்,
வெளியே இரவு முழுக்கப் பெய்துவிட்டு
காலையில் ஒன்றும் தெரியாததுபோல் கிடக்கும் பனி.
அதை இங்கே மணலில் செய்யலாம்
என்று நினைத்திருந்தேன்.

மாசிக் கடைசியில் பஞ்சு ஒட்டி முடிந்தது.
யாரை முதலில் உள்ளே விடுவது?
எதிர்க் கடைச் சுகிர்தமலர் வந்தாள்,
என் வயதுக்காரி.
ஒன்பது வருடம் மிதிவெடி அகற்றியவள்,
இப்போது கச்சான் வறுக்கிறாள்.
செருப்பைக் கழற்றி, சோடி பிசகாமல் வைத்துவிட்டுப் போனாள்.
கதவைச் சாத்தினேன்.
பத்து நிமிடமும் உள்ளிருந்து ஒரு அசுமாத்தமும் இல்லை.
வெற்றி என்று எழுதக்கூடப் பேனையை எடுத்துவிட்டேன்.

திறந்தால்
வாசலிலிருந்து மூன்றடி தள்ளி
முழங்காலில் இருக்கிறாள்.
அவளுக்குப் பின்னால் மணலில்
விரல்களால் கிளறிக் கிளறித் துப்புரவாக்கிய
நேரான ஒரு பாதை,
ஒரு உடம்பு அகலம்.

நான் கைபேசியை எடுத்தேன். எடுத்தேன்தான்.
அவள் எழும்பி வந்த வழியே
காலால் அதை அழித்துக்கொண்டு வந்தாள்.

“நல்லாய்த்தான் இருக்கு” என்றாள்,
மரியாதைக்கு.
பழத்தைத் தின்று, கொட்டையைத் துப்பியபிறகு:
“சத்தமே இல்லாட்டிக் காது சும்மா இராது,
தேடும்.
தூரத்தில ஒரு லாண்ட்மாஸ்டர் ஓடினால்
எங்களுக்குப் பெரிய ஆறுதல்.
ஆரோ உழுகினம் எண்டு கை நடுங்காது.
குருவி கத்துறதை நிப்பாட்டினால்தான்
கையை எடுத்திடுவம்.”

இரண்டு நாள் நான் கடைப்பக்கம் போகவில்லை.
மூன்றாம் நாள் தெற்குச் சுவரில்
ஒரு பாய் அகலத்துக்குப் பஞ்சைப் பிடுங்கினேன்.
பிடுங்கிய இடத்தால்
துருசில் விழும் தண்ணீர் வந்தது.
அரிசி மில் வந்தது, நின்றது, திரும்ப வந்தது.
யாரோ “பேணியைக் கொண்டா” என்று கத்தினார்கள்.
கூரைத் தகட்டில் றொபின்சன்
ஆணியால் ஏழு ஓட்டை போட்டான்.
எட்டாவது ஏற்கனவே இருந்தது,
எப்போது விழுந்தது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.
மிச்சப் பஞ்சு அவன் வீட்டுத் தலையணைகளுக்குப் போனது.

கொழும்புக்கு எழுதவேண்டும், திட்டம் மாறிவிட்டது என்று.
இன்னும் எழுதவில்லை.

கதவு திறந்தே இருக்கட்டும் என்றால்
கச்சான் காற்று அறைந்து சாத்துகிறது.
பின்னேரம் சுகிர்தமலரோடு
குளக்கட்டுக்குக் கல் பொறுக்கப் போனேன்.
ஒவ்வொரு கல்லுக்கும் முதலில் குந்தி
அதன் ஓரங்களைப் பார்த்தாள்,
பிறகுதான் தொட்டாள்.
நான் தூக்கியது பெரிய கல்,
பாதி வழியில் போட்டுவிட்டேன்.
அவள் எடுத்தது போதும்.