முப்பத்தாறு வளைவுகள்

போன வருஷம் கல்லட்டியில் ஹாலனின் நேரம்
ஒரு மணி பதினொரு நிமிஷம்.
இந்த வருஷம் ஐம்பத்தெட்டு நிமிஷம்.
வயது மட்டும் ஒழுங்காக ஒன்று கூடியிருக்கிறது:
ஐம்பத்து மூன்று.

இருபதாவது வளைவில் என்னைத் தாண்டியபோது
வாயை மூடிக்கொண்டு
மூக்கால் மூச்சுவிட்டான்.
அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

தலைக்குந்தா டீக்கடையில்
புதுச் சக்கரம் என்றார் ஒருவர்.
கோயமுத்தூர் கோச் என்றார் இன்னொருவர்.
பெர்னார்டு
பன்னை டீயில் முக்கி முக்கித் தின்றுவிட்டு
"கேரட்டா இருக்கும்" என்றார்.
கேத்தியில் ஹாலனுக்கு இரண்டு ஏக்கர் கேரட்.
எல்லோரும் சிரித்தோம், தேவைக்கு மேலேயே.

முதல் பரிசு ஒரு ஹாட்பாக்ஸ், ஒரு கிலோ டீத்தூள்.
இதற்குப் போய் யாராவது ஊசி போடுவானா?
குன்னூரில் மருந்துக்கடை வைத்திருப்பவன் நான்,
என்னைக் கேட்டிருக்கலாம்.
ஹாலன் என்னிடம் வாங்கியதெல்லாம்
அவன் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை,
ஒருமுறை மூட்டுவலித் தைலம்.
வேறு கடைகளும் இருக்கின்றன என்பது
எனக்குத் தெரியாதா.

என் குளிர்பெட்டியில், இன்சுலினுக்குப் பின்னால்,
ரத்தம் ஊறுவதற்கான ஆறு ஊசிகள்.
டயாலிசிஸில் இருந்தவர் தவறிப்போக
மகன் கொண்டுவந்து கொடுத்தான்,
பணம் வேண்டாம் என்று.
கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.
சீட்டு எழுதி மூன்று மாதமாகிறது.

இன்று எண்ணினேன். நான்கு.

நேற்று மாலை பெட்போர்டு ஏற்றத்தில்
ஏதோ பழைய மெட்டை முனகிக்கொண்டே ஏறினேன்.
எதிரே இறங்கி வந்த பெர்னார்டு
கையசைக்கவில்லை.
என் சக்கரத்தையே பார்த்தார்.
பழைய சக்கரம்தான்.