மூன்றாம் நாள் வெள்ளை

வெள்ளிக்கிழமை இரவு அது பால் மாதிரிதான் இருந்தது.
வெளுத்ததெல்லாம் பால் என்று
நானும் விளக்கை அணைத்துவிட்டுப் போனேன்.

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை.
ஒரு மரச்சட்டம், வாடகை டிரையர்,
கோழித் தொழிற்சாலைக் குளிரறைக்காரர்களுக்கு
அறுபது சிவப்பு சுவெட்டர்.
நெஞ்சில் பெரிதாக: இரவு அணி.

ஞாயிறு காலை அடுக்கைப் பிரித்தால்
ஐந்து எழுத்தும் ஈறு நிறத்தில் சிரிக்கிறது.

மை மேல் தப்பில்லை.
பாதிப் பருத்தி, பாதி பாலியஸ்டர்.
பருத்தி தன் சாயத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும்.
மற்றது, நூற்று அறுபது டிகிரி சூடு பட்டதும்
சிவப்பை ஆவியாக விட்டுவிடும்.
அது மெல்ல ஏறி வெள்ளைக்குள் குடிவரும்.
அன்றைக்கே தெரியாது.
ரசீது கிழித்து, காசை எண்ணி,
கை கழுவிய பிறகு தெரியும்.

லோகாம்பாள் மிச்சப் பணத்தோடு வந்தாள்.
ஃபேஷன் என்று சொல்லியிருக்கலாம்.
"இன்னும் ஏறும்" என்றேன்.

அவள் ஒன்றை விரித்துப் பார்த்தாள்.
"ஷிப்ட் முடிஞ்சு ஏப்ரனைக் கசக்கினா
தண்ணி இந்த நிறத்துலதான் ஓடும்.
இத காசு கொடுத்து வேற போட்டுக்கணுமா?"

தொள்ளாயிரம் வெள்ளி என் தலையில்.
மறுபடி அறுபது.

இந்த முறை முதலில் சாம்பல்.
சிரம்பானிலிருந்து இயோ அனுப்பிய கரி மை,
அடைமழைக்கு முந்தைய வானம் போல.
சிவப்பை வாசலிலேயே நிறுத்த அதுதான் ஆள்.
அதன்மேல் குறைந்த சூட்டில் காயும் வெள்ளை, இரண்டு இழுப்பு.
டிரையர் நூற்று முப்பதைத் தாண்டக்கூடாது;
பெல்ட்டில் விழுந்ததைச் சூட்டோடு அடுக்கக்கூடாது.
அஞ்சடி முழுக்கக் கயிறு கட்டித் தொங்கவிட்டேன்.
நாசி லெமாக் வாங்க வந்தவர்கள்
தலை குனிந்து போனார்கள்.

ஒன்றை மட்டும் பிளாஸ்டிக்கில் சுற்றி
என் பழைய கஞ்சில் காருக்குள், முன்கண்ணாடிக்குக் கீழே
வெயிலில் வேகவிட்டேன்.

வேலை விட்டு வீட்டுக்குப் போகும் வழியில்
லோகாம்பாள் தினமும் நின்றாள்.
விரல் நுனியில் இன்னும் குளிரறை விறைப்பு;
சுட்ட கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு
உள்ளே எட்டிப் பார்ப்பாள்.

மூன்றாம் நாள்:
"வெள்ளையாத்தான் இருக்கு. எடுத்துக்கவா?"

அடியில் சாம்பல் இருப்பதை
நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"நாளைக்கும் கிடக்கட்டும்" என்றேன்.
கண்ணாடியிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.