ஒரு இழுப்பு

யாகப்பன்தான் கட்டினான்.
மீன்துறை ஆபீஸில் மூன்று கையெழுத்து,
ஆதார் நகல், அரைநாள் வெயில்
எல்லாம் கொடுத்து வாங்கிய ஆரஞ்சு வளையம்.
உறையைக் கிழிக்க விடவில்லை.
"அழுக்காயிரும்வே" என்றான்.
அணியத்துப் பலகைக்குக் கீழே தள்ளி
மேலே பழைய வலை, வலைமேல் ஐஸ் பெட்டி,
எல்லாவற்றையும் சேர்த்து ஏழு முடிச்சு.
கூட்டப்புளிக் கரையில்
ஒற்றைச் செருப்பைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள் என்பது
அவன் கட்சி.

கச்சான் முறுகி அடித்த ஆனி மாதம்.
எண்ணெய் விற்கும் விலைக்குப் பாயே போதும் என்று
மூன்று பேர் போனோம்.
அணுஉலைக் குவிமாடங்கள்
விரற்கடை உயரத்துக்கு இறங்கிய தூரத்தில்
பருமல் திரும்பியது.
சத்தமே இல்லை.
பீடி பற்றவைக்கக் குனிந்தவன் நிமிர்ந்தான்,
அவ்வளவுதான்.
தீப்பெட்டி மட்டும் பலகையில் கிடந்தது.

பாய்க்கு பிரேக் கிடையாது.
ஆள் விழுந்தது அதற்குத் தெரியாது.
அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.
தொம்மை தாமானை அவிழ்த்துவிட்டான்.
நான் அணியத்துக்கு ஓடினேன்.
ஐஸ் பெட்டியைப் புரட்டினேன்.
வலையை இழுத்தேன், வலை என்னை இழுத்தது.
முதல் முடிச்சு நனைந்து கல்லாயிருந்தது.
இரண்டாவதில் நகம் போனது.
திரும்பிப் பார்த்தால்
யாகப்பன் வெறும் தலையாக இருந்தான்.
மூன்றாவது முடிச்சில் தேங்காய் நெற்றாக.
நாலாவதில்
அலை இருந்தது.

சுக்கான் ஓரம் ஒரு காலி மண்ணெண்ணெய் கேன்.
மூடி போட்டது, யாரும் கட்டாதது,
போன வாரமே தூக்கி எறியச் சொன்னது,
போகும்போதும் வரும்போதும் நாங்கள் உதைத்தது.
தொம்மை அதைத்தான் எறிந்தான்.

பாயை இறக்கித் துடுப்புப் போட்டு
அவனிடம் திரும்பி வருவதற்குள்
ஒரு செபமாலை முழுக்கச் சொல்லியிருக்கலாம்.
வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது.
கேனைக் கட்டிக்கொண்டு கிடந்தான்.
கல்யாணப் போட்டோவில்கூட
அப்படி நெருங்கி நின்றதில்லை.
தூக்கிப் போட்டதும் கடலைக் கக்கினான்.
கக்கி முடித்துக் கேட்டான்:
"வளையம் பத்திரமா கெடக்கா?"

தொம்மை சிரித்துவிட்டான்.
எனக்கு வரவில்லை.
பத்திரமாகத்தான் கிடந்தது,
உறைகூடக் கிழியாமல்,
மூன்று முடிச்சு மிச்சத்தோடு.

இப்போது அது சுக்கான் பக்கம், வெளியே, வெயிலில்.
உறை இல்லை.
இழுத்தால் அவிழும் ஒரே முடிச்சு.
பத்துப் பாகம் மிதக்கிற கயிறு
சிக்கில்லாமல் வாளிக்குள் சுருண்டிருக்கிறது.
அமாவாசை இருட்டில்
கண்ணை மூடிக் கை போட்டுப் பார்த்தோம்.
இடக்கைக்கும் எட்ட வேண்டும் என்றான் தொம்மை.
எட்டியது.

ஆனாலும் காலி இடத்தை மனுசன் சும்மா விடுவானா?
முதலில் துண்டு காயும்.
துண்டுமேல் தூக்குவாளி ஏறும்.
ஒரு நாள் நங்கூரக் கயிறு ஒரு சுற்று,
"சித்த நேரத்துக்குத்தான்."
ஆள் அமிழவும் சித்த நேரம்தான் ஆகும்.
நான் வாதாடுவதில்லை.
மேலே எது இருந்தாலும் கடலில் போட்டுவிடுவேன்.
கயிற்றை மட்டும் விட்டேன், நங்கூரம் விலை.
இதுவரை இரண்டு துண்டு, ஒரு தூக்குவாளி.
வாளி மாமியார் கொடுத்த சீதனம்.
எனக்கும் யாகப்பனுக்கும் ஒரே மாமியார்.
இரண்டு வீட்டிலும் பேச்சு நின்று
மூன்று வாரம் ஆகிறது.

வள்ளம் மணலில் ஏறிய ராத்திரிகளில்
அவன் இன்னும் கேட்கிறான்:
"ஒரு இழுப்புல வந்துருமேவே,
களவாணிப்பய எடுத்துட்டுப் போனா?"
போகட்டும்.
எத்தனை எண்ணுவதற்குள் எடுத்தான் என்று மட்டும்
யாராவது சொன்னால் போதும்.

விடியுமுன் வந்து
முதலில் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறோம்,
அவன் ஒரு தடவை, நான் ஒரு தடவை,
ஒருத்தனை ஒருத்தன் பார்க்காத மாதிரி.
இருக்கிறது.
உப்பும் வெயிலும் தின்று
ஆரஞ்சு வெளிறிப்போய்
பூசணிப் பத்தை மாதிரி.