கண்ணாடியின் என் பக்கம்

பெயர் வைத்த நாளில்
நாங்கள் யோசிக்கவில்லை,
ஐந்து வயதுக் கை ஒன்று
இதை எழுத வேண்டிவரும் என்று.
மகிழினி.
நடுவில் உட்கார்ந்திருக்கிறது அந்த ழி,
எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காத வாலோடு.

பென்சிலுக்கு அவசரமில்லை,
முதலில் விரலுக்கு வலு வரட்டும் என்றார்
பாலர் பள்ளி ஆசிரியை ஹமீதா.
அதனால் எங்கள் வீட்டில்
துணிக்குக் கிளிப் போடுவது அவள் வேலை.
உட்லண்ட்ஸ், பதினோராம் மாடி.
மூங்கில் கழி கூடத்தில் படுத்திருக்க
ஒரு காலுறைக்கு ஏழு கிளிப்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

வாசிப்பு தானாய் வந்தது.
வந்த இடம்தான் சரியில்லை:
புளோக்கின் கீழே மின்சார அறைக் கதவு,
நான்கு மொழியில் மிரட்டும் மஞ்சள் பலகை.
அ என்றாள். பா என்றாள். ய.
புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்து, ம்.
அபாயம்! அபாயம்!
லிஃப்டில் வந்த திருமதி லிம்மிடம் சொன்னாள்,
சப்பாத்தி மாவிடம் சொன்னாள்,
தூங்கும் தம்பியின் காதில் சொன்னாள்.
என் மகள் வாசித்த முதல் சொல்.
அம்மா இல்லை. அப்பாவும் இல்லை.

எழுத்துதான் இன்னும் திரும்பி நிற்கிறது.
ழ-வுக்கு எப்போதும் முதுகு எங்கள் பக்கம்.
திருத்தப் போனேன் ஒருநாள்.
பென்சிலை வாங்கித் தாளில் வைத்ததும்
கை நின்றுவிட்டது.
மேலிருந்தா, கீழிருந்தா?
எத்தனை வருடமாய்க் கைபேசியில் தட்டியே
ழகரம் அனுப்புகிறேன்,
ஒருமுறைகூடச் சுழித்ததில்லை.
"உனக்கும் வரலையா?" என்றாள்,
அவ்வளவு சந்தோஷமாய்.

இன்று காலை மழை.
பள்ளிப் பேருந்துக்குள் குளிர், வெளியே புழுக்கம்,
சன்னல் கண்ணாடியில் என் பக்கம் ஈரம் பூத்திருந்தது.
விரலால் ஒரு ழ போட்டேன்,
நேற்றிரவு அவள் தூங்கியபின்
நான்கு பக்கம் எழுதிப் பழகிய ழ.
உள்ளே கண்கள் விரிந்தன.
கண்ணாடியைத் தட்டினாள்.
சத்தம் வரவில்லை,
உதடுகளை வாசித்தேன்:
அப்பா, என் ழ!

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து
அது அப்படித்தான் தெரியும்.

ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.
வாலிலிருந்து நீர் இறங்கி இறங்கி
எழுத்து நீண்டுகொண்டே போனது
அவென்யூ ஏழின் திருப்பம் வரை.
எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.
ஈர விரலைச் சட்டையில் துடைக்காமல்
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.