மெய்ப்பு

தர்மபுரி நாலு ரோட்டுப் பக்கம் அச்சகத்தில்
பிழை பார்ப்பது என் வேலை.
கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி.
ஒரு புள்ளி விழாமல் போனாலும்
தூசி விழுந்த கண்ணாய் உறுத்தும்.

யுகனுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு பை ரத்தம்.
ஏழு வயசு. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில்
ஜன்னலோரக் கட்டில்.
ஏறி முடிகிறவரை பஸ்ஸை எண்ணுவான்.
தாய்மாமனைத்தான் கட்டினேன்.
அவர் ரத்தத்திலும் என் ரத்தத்திலும்
ஒரே இடத்தில் ஒரே எழுத்து தப்பு என்று
படம் போட்டுக் காட்டினார் டாக்டர் நசீமா.

இப்போது வயிற்றில் பத்து வாரம்.
தப்புதான் தெரிந்துவிட்டதே,
திருத்த முடியாதா என்றேன்.
தொழில் புத்தி.

கரு உண்டான அன்றைக்கே திருத்தலாம் என்கிறார்கள்,
திருத்தக்கூடாது என்றும் சொல்கிறார்கள்,
ரெண்டையும் சொல்வது ஒரே ஆட்கள்தான் என்றார்.
ஆய்வுக்கூடத்தில் பதினாலு நாள் வைத்துப் பார்க்கலாமாம்.
திருத்தியதைக் கருப்பைக்குள் வைக்க
இந்த நாட்டில் அனுமதி இல்லையாம்.
செத்தவர்களுக்குப் பதினாறு,
பிறக்காதவர்களுக்குப் பதினாலு
என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்கேன் அறைக் கதவில் பலகை:
ஆணா பெண்ணா சொல்வது குற்றம்.
அம்மாவுக்கு முன்னால் பிறந்த ரெண்டு பேர்
எந்த ரேஷன் கார்டிலும் இல்லை.
அவர்களுக்கு ஸ்கேன்கூடத் தேவைப்படவில்லை.

போன தையில் மொரப்பூர்க்காரர் ஒருவர்
பத்திரிகை கொடுத்தார். மணமகன் மாதன்.
எழுத்து விட்டுப்போச்சு என்று
மாதவன் ஆக்கினேன்.
பிளேட்டில் ஏறி, ஐந்நூறு இறங்கிவிட்டது.
"எங்க தாத்தா பேரும்மா அது" என்றார்.
கோபப்படக்கூட இல்லை.

தாளில் கொட்டிய மை அந்தத் தாளோடு போகும்.
யுகனின் எலும்புக்குள் திருத்தினால்
யுகனோடு நிற்கும்.
பிளேட்டில் வைக்கிற கை
இனி இறங்கும் அத்தனை தாளிலும்.

ஆனாலும்
நரம்பு கிடைக்காமல் நாலாவது தடவை அவனைக் குத்தும்போது
இந்த நியாயமெல்லாம் எங்கே போய் ஒளிகிறதோ.
யாராவது திருத்திக் கொடுத்தால் காலில் விழுவேன்.
அதே வரிசையில் எனக்குப் பின்னால்
யார் வந்து நிற்பார்கள் என்றும் தெரியும்:
பொண்ணு ஃபோட்டோவை
இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கு என்று
தினமும் கடைக்கு வருகிறவர்கள்.

பரிசோதனைக்குப் படிவம் நீட்டினார்கள்.
கணவர், மனைவி, சாட்சி.
எழுபது வருஷம் கழித்து வருபவருக்குக் கோடு இல்லை.
மேலே, ஒப்புதல என்றிருந்தது.
பேனா தானாகப் போய்
புள்ளி வைத்தது.
கீழே என் பெயர்.

பதினேழு என்றான் யுகன்,
சேலம் வண்டி.