சிவப்புக் கோடு

பைக்காரா படகுத்துறை, காலை ஏழரை.
மூன்றாம் எண் படகு
மெல்லப் போனால் போகிறது.
முடுக்கினால் இரைச்சல் மட்டும்.
முள் நாலாயிரத்தைத் தொடுகிறது,
கரை அங்கேயே நிற்கிறது.

'கியர்பாக்ஸ் போச்சு' என்கிறான் போஜன்,
நேற்றே துக்கம் விசாரித்துவிட்டவன் போல.
மேனேஜர் கோவைக்கு போன் போட்டு
புதுசுக்கு விலை கேட்கிறார்.

நான் எண்ணெயைத்தான் முதலில் விசாரித்தேன்.
அடித் திருகைத் தளர்த்தி
இரண்டு விரலுக்கிடையே தேய்த்தால்
பால்நிறம் இல்லை,
இரும்புப் பொடி நெருடவில்லை.
கேபிளும் முன்னுக்கு முழுசாய் விழுகிறது.

டிக்கெட் கவுண்டர் லில்லி புஷ்பத்திடம்
நகப்பூச்சு கடன் கேட்டேன்.
'யாருக்கு?'
'புரொப்பெல்லருக்கு.'

நடுக் குடத்திலிருந்து வெளிவளையம் வரை
ஒரே இழுப்பில் ஒரு கோடு.
ஊதி ஊதிக் காயவைத்தேன்,
இந்தப் பனியில் துவைத்த சட்டையே
மூன்று நாள் காயாது.

அக்கரைச் சோலையைப் பார்த்து முடுக்கினோம்.
பாதி ஏரியில் அலறியது. திரும்பிவிட்டோம்.
இன்ஜினை அணைத்து டிரைவைத் தூக்கினால்
கோடு இரண்டாகியிருந்தது:
உள்துண்டு ஆறு மணியில்,
வெளித்துண்டு ஒன்பதில்.

இடையில் இருக்கும் ரப்பர் பிடி விட்டிருக்கிறது.
அவ்வளவுதான்.
பல்சக்கரமெல்லாம் ஒழுங்காய்ச் சுற்றி
யாருக்கும் போய்ச் சேராமல்
இத்தனை நாள் உழைத்திருக்கின்றன.

போஜன் கியர்பாக்ஸ் உறையை
ஒருமுறை தட்டிக்கொடுக்கிறான்.
மேனேஜர் இன்னும் போனில்.
லில்லி பாட்டிலை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்து
'பாதியைக் காணோமே' என்கிறாள்.